பூனைக்குத் தரைதான் தட்டு

பொங்கல் கழிந்த வாரத்தில் கடிதக் கட்டைப் பிரித்தபோது எனக்கு வியப்பு எதுவும் ஏற்படவில்லை. தை பிறந்தால் ஆண்டுதோறும் இப்படித்தான். போகிக்கு முதல் நாள் வீட்டைக் கழுவித் தள்ளுகிறோம். இரண்டே நாளில் பூனைக்கு எச்சில் வடிகிறது, பூனை பாலைத் தொடவில்லை, பூனை கட்டிலுக்கடியில் சுருண்டு கிடக்கிறது என்று கடிதங்கள் வந்துவிடுகின்றன. இம்முறை வந்த பதினொன்றில் ஏழு கடிதங்கள் பினாயிலையும் ஆசிட்டையும் அவற்றின் உறவினர்களையும் பற்றியவை. நாய் வளர்ப்பவர்களும் கிளி வளர்ப்பவர்களும் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு அடுத்த மாதம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதம் என் கைக்கு வந்து, நான் பதில் எழுதி, அது அச்சேறி உங்கள் வீட்டு வாசலுக்கு வர மூன்று வாரமாவது ஆகும். பூனைக்குச் சில வேளை மூன்று மணி நேரம்கூட இருக்காது. எச்சில் வடியும் பூனையை மடியில் வைத்துக்கொண்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.

மந்தைவெளியிலிருந்து ஒரு வாசகி:

டாக்டரம்மா, எங்கள் வீட்டில் மூன்று வயதுக் கடுவன் பூனை ஒன்று இருக்கிறது. பினாயில் பூனைக்கு ஆகாது என்று நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டு, எலுமிச்சை வாசனையுள்ள தரைத் திரவத்துக்கு மாறினோம். போகிக்கு முன் மாலையில் வீடு முழுவதும் துடைத்தோம். "கொஞ்சம் சேர்த்தே ஊற்று" என்று நான்தான் சொன்னேன். மறுநாள் காலை பூனையின் வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில். கிண்ணத்தருகே போகிறது, முகர்கிறது, திரும்பி வந்துவிடுகிறது. நாக்கு நுனியில் சிவப்பாகப் புண் தெரிகிறது. பல்லியைக் கடித்திருக்கும், விஷம் ஏறிவிட்டது என்கிறார் என் கணவர். அப்படித்தானா?

பல்லியை விட்டுவிடுங்கள் அம்மா, அது பாவம். நம் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிக்கு விஷம் கிடையாது. பல்லியைத் தின்னும் பூனைக்கு உடம்பில் புழு சேரலாம், ஆனால் ஒரே இரவில் நாக்கு உரியாது. நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன், சென்னைப் பூனைகளின் பாதி நோய்க்குப் பல்லிதான் பழி சுமக்கிறது.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பாட்டிலின் முதுகைப் படியுங்கள். பொடி எழுத்தில் "பென்சால்கோனியம் குளோரைடு" என்று இருக்கும் என்று நினைக்கிறேன். எலுமிச்சை, ரோஜா, மல்லிகை என்று வாசனை மாறும். ஆனால் இத்தகைய திரவங்கள் பலவற்றில் கிருமியைக் கொல்லும் வேலையைச் செய்வது இந்த வகைப் பொருள்தான். பாத்திரம் தேய்க்கும் சோப்பைப்போல் இது சாதுவானதன்று. பூனையின் நாக்கையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்துவிடும். இதில் கொடுமை என்னவென்றால், பட்டவுடன் பெரிதாக ஒன்றும் தெரியாது. பல மணி நேரம், சில சமயம் அரை நாள் கழித்துத்தான் எச்சில் ஒழுகத் தொடங்கும், காய்ச்சல் அடிக்கும், நாக்கின் ஓரம் சிவந்து உரியும். அதனால்தான் மாலையில் துடைத்த தரையையும் காலையில் பார்த்த புண்ணையும் வீட்டில் யாரும் முடிச்சுப் போடுவதில்லை. பல்லி மாட்டிக்கொள்கிறது.

பூனை அதைக் குடிக்கவே இல்லையே என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. குடிக்கவில்லைதான். நடந்தது. விழித்திருக்கும் பொழுதில் கணிசமான பங்கைப் பூனை தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதிலேயே கழிக்கிறது. ஈரத் தரையில் நாலு அடி வைத்துவிட்டு சோபாவில் ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு விரலிடுக்காக நிதானமாக நக்கும். பாதத்தில் ஒட்டியதெல்லாம் வாய்க்குப் போய்விடும். நமக்குத் தரை கால் வைக்கும் இடம். பூனைக்கு அது சாப்பாட்டுத் தட்டு. தட்டில் மருந்தை ஊற்றித் துடைத்துவிட்டு, அலசாமல் யாராவது அதில் சோறு போடுவார்களா?

"கொஞ்சம் சேர்த்தே" என்ற அந்தச் சொல்தான் நம் வீடுகளின் பெரிய விஷம். ஒரு வாளிக்கு ஒரு மூடி என்றால் ஒரு மூடிதான். கூடுதலாக ஊற்றிய இரண்டு மூடியும் தரையிலேயே பிசுபிசுப்பாகத் தங்கிப் பூனையின் பாதத்துக்காகக் காத்திருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது: மருத்துவரிடம் காட்டி வலிக்கு ஊசி போடச் சொல்லுங்கள். நாக்குப் புண் பெரும்பாலும் ஆறிவிடும், அதுவரை பூனை சாப்பிடுவதுதான் முக்கியம். மீனை வேகவைத்து, முள்ளை எடுத்து, கூழாக மசித்து வெதுவெதுப்பாக வையுங்கள். உப்பு வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் பூனை பட்டினி கிடந்தால் அலட்சியம் கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். வலிக்கிறதே என்று வீட்டிலுள்ள பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒன்று ஒரு பூனையைக் கொன்றுவிடும்.

இன்னொரு சாத்தியத்தையும் சொல்லாமல் விட்டால் நான் பாதி மருத்துவர்தான். கலிசிவைரஸ் என்ற தொற்றும் பூனை நாக்கில் இதே போன்ற புண்ணை உண்டாக்கும். தடுப்பூசி போட்டிருக்கிறதா, தும்மல் இருக்கிறதா, கண்ணில் நீர் வடிகிறதா என்று மருத்துவர் கேட்பார். தரை துடைத்த கதையையும் அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கூச்சப்பட்டு மறைப்பவர்களே அதிகம்.

பினாயிலை விட்டுவிட்டீர்களே, அது நல்லது. ஏன் ஆகாது என்று புதிதாகப் படிப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். நம் கல்லீரலும் நாயின் கல்லீரலும் பினாயிலில் உள்ளதுபோன்ற பீனால் வகைப் பொருள்களை ஒரு சர்க்கரைப் பொருளோடு பிணைத்து சிறுநீர் வழியே அனுப்பிவிடும். அந்த வேலைக்கான முக்கிய மரபணு ஒன்று பூனையில் செத்துக் கிடக்கிறது. வீட்டுப் பூனைக்கு மட்டுமில்லை, சிங்கம், சிறுத்தை என்று அந்தக் குலத்துக்கே அப்படித்தான். காலங்காலமாகக் கறி மட்டுமே தின்று வாழ்ந்த குலம் அது. செடிகொடிகளில் உள்ள பீனால்களைச் சமாளிக்க வேண்டிய தேவையே அதற்கு வரவில்லை. பயன்படாத கருவி துருப்பிடித்துவிட்டது. ஆகவே கறுப்புப் பினாயிலும், தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்குமே, அந்தப் பழுப்புநிறக் கிருமிநாசினியும் பூனையின் உடம்புக்குள் போனால் வெளியேற வழி தெரியாமல் தங்கிவிடும். வெள்ளைப் பினாயிலில் இருக்கும் பைன் எண்ணெயும் அதற்கு ஆகாது. தோல் வழியாகவும் பீனால் உள்ளே போகும் என்பதை நான் கல்லூரியில் படிப்பதற்கு முன்பே தெரிந்துகொண்டேன்.

1971, எனக்குப் பதினோரு வயது, அயனாவரத்தில் இருந்தோம். தெருவில் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கி வந்தேன். உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. எங்கள் தெருவில் மாடு வைத்திருந்தவர் உண்ணி போக மாட்டைப் பினாயில் கலந்த தண்ணீரில் கழுவுவதைப் பார்த்திருக்கிறேன். அதையே செய்தேன். தெள்ளுப்பூச்சியெல்லாம் உதிர்ந்தபோது எனக்கு இருந்த பெருமை இன்னும் நினைவிருக்கிறது. அன்று இரவே குட்டி தள்ளாடியது, நடுங்கியது. விடிந்தபோது உயிர் இல்லை. மாட்டுக்காரர் மேல் தப்பில்லை. மாடு பெரியது, அதன் கல்லீரலும் வேறு. இந்த ஐம்பத்துச் சொச்சம் ஆண்டுகளில் பூனையைப் பினாயிலில் குளிப்பாட்டியதாகச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் யாரையும் நான் திட்டியதில்லை.

அம்பத்தூரிலிருந்து ஒரு வாசகர்:

நண்பர்கள் மூன்று பேர் ஒரே வீட்டில் தங்கியிருக்கிறோம். தெருவில் வண்டியில் வரும் கழிப்பறை ஆசிட்டை ஒரு குடிநீர் பாட்டிலில் வாங்கிக் குளியலறையில் வைத்திருந்தோம். பூனை அதைத் தட்டிவிட்டு, சிந்தியதில் நடந்து, காலை நக்கியும்விட்டது. ஒரு நண்பன் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கலாம் என்றான். இன்னொருவன் சமையல் சோடா கரைத்துக் கொடுக்கச் சொன்னான். நாங்கள் இரண்டும் செய்யாமல் மருத்துவமனைக்கு ஓடினோம். பூனை பிழைத்துவிட்டது. நாங்கள் செய்தது சரியா மேடம்?

மிகச் சரி தம்பி. உன் நண்பர்கள் இருவரும் இதைப் படிக்க வேண்டும்.

ஆசிட் உள்ளே போகும்போது தொண்டையை ஒரு முறை சுடும். வாந்தியாக வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும். இதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலும் போச்சு. உப்புக் கரைசலோ, அதுவே ஒரு விஷம். நாலு கிலோ எடையுள்ள உடம்புக்கு ஒரு கரண்டி உப்பு என்பது விளையாட்டில்லை. சமையல் சோடாவும் வேண்டாம். அமிலமும் சோடாவும் சேர்ந்தால் வயிற்றுக்குள் வாயு பொங்கும்.

முதலில் செய்ய வேண்டியது தண்ணீர், அது ஒன்றுதான். கையுறையோ பாலித்தீன் பையோ கையில் மாட்டிக்கொள். பூனையைப் பழைய துண்டில் முகம் மட்டும் தெரியும்படி இறுகச் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு காலாக வெளியே எடுத்து, ஓடும் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவு. நம் குழாயில் மே மாதம் கொதிக்கும் தண்ணீர் வரும், அப்போது வாளியில் பிடித்து ஆறவைத்த தண்ணீரைப் பயன்படுத்து. வாயைக் கழுவுவதென்றால் தலையைக் குனியவைத்துப் பக்கவாட்டில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், அண்ணாந்து ஊற்றக் கூடாது. தானாகக் குடித்தால் கொஞ்சம் தண்ணீரோ பாலோ குடிக்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்வரை துண்டைப் பிரிக்காதே, பிரித்தால் மறுபடியும் நக்கும். பாட்டிலையும் கூடவே எடுத்துப் போ. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1903-லிருந்து இந்த ஊர்ப் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள். அங்கே நீ எதை நீட்டினாலும் அவர்கள் முதலில் கேட்பது, "என்ன மருந்து பட்டது?" என்பதுதான்.

அங்கேதான் தெரு ஆசிட்டின் வம்பு. "ஆசிட், பினாயில், பிளீச்சிங் பௌடர்" என்று ராகம் போட்டுக்கொண்டு வரும் வண்டியில் விலை குறைவு, சந்தேகமில்லை. ஆனால் பாட்டிலில் சீட்டு இல்லை. எத்தனை விழுக்காடு என்று விற்பவருக்கும் தெரியாது. கடையில் கிடைக்கும் கழிப்பறைத் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறக்குறைய 10 விழுக்காடு இருக்கும். அதுவே போதுமான ஆபத்து. ஆசிட்டின் சில்லறை விற்பனைக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் கட்டுப்பாடு விதித்தது. வண்டிகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வைத்திருக்கிறீர்களே, பூனையை விடு, நடுராத்திரியில் தாகத்தோடு எழும் உன் நண்பனை நினைத்துப் பார்.

ஆசிட்டைவிட எனக்குப் பயம் அதிகம், அடைபட்ட குழாயில் கொட்டுவதற்குப் பொட்டலமாக விற்கும் வெள்ளைக் குருணைகள்தான். அது காஸ்டிக் சோடா. ஆசிட் பட்டதும் சுரீரென்று எரியும், பூனை நாக்கை எடுத்துக்கொள்ளும். காஸ்டிக் சோடா தொடக்கத்தில் அவ்வளவு வலி காட்டாமல் ஆழமாக அரித்துக்கொண்டே போகும். பிழைத்த பூனைக்குக்கூட உணவுக்குழாய் சுருங்கிப்போய், பிறகு எதை விழுங்கினாலும் கக்கும். குழாய் அடைத்தால் பிளம்பரைக் கூப்பிடுங்கள் அல்லது உறிஞ்சும் ரப்பர்க் கிண்ணத்தை வாங்குங்கள்.

திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு வாசகி:

பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு இடையே அந்துருண்டை போடுவேன். பூனை பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது. ஆபத்தா?

ஆபத்துதான். நாஃப்தலீன் இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைக்கும், அதிலும் பூனையின் சிவப்பணு மிக எளிதில் உடையும். ஈறு வெளிறி, சிறுநீர் காபி நிறத்தில் வந்தால் தாமதிக்காதீர்கள். உருண்டையை உருட்டி விளையாடும் குட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பூசைக் கற்பூரத்தையும் எட்டாத இடத்தில் வையுங்கள், அது வலிப்பை உண்டாக்கும். புடவைக்கு நம் பாட்டிமார் வைத்த வெட்டிவேரும் காய்ந்த வேப்பிலையும் போதும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து நிழலில் உதறிப் போட்டு மடிப்பை மாற்றி வையுங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அத்தனை புடவை எதற்கு?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகர்:

ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கும். வடிந்ததும் பிளீச்சிங் பௌடர் தூவுவார்கள், நாங்களும் வீட்டுக்குள் போட்டுக் கழுவுவோம். எங்கள் பூனை அந்த வாசனை வந்தால் தரையில் புரண்டு கூத்தாடுகிறது. பிடிக்கிறது என்றால் கெடுதல் இருக்காது என்று எண்ணிக்கொள்ளலாமா? பூனையின் மண் தட்டையும் அதிலேயே கழுவுகிறோம்.

சில பூனைகளுக்குக் குளோரின் வாசனை கள் குடித்ததுபோல் ஏறும், உண்மைதான். பிடித்தது என்பதால் நல்லது என்று ஆகிவிடாது. அந்தக் கணக்கு மனிதர்களுக்கே பொருந்துவதில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த வாரத்தில் உங்கள் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் பூனையைத் தூக்கி வந்தது. சாக்கடை புகுந்த வீட்டைக் கழுவ வேண்டுமென்ற பதற்றத்தில் பிளீச்சிங் பௌடரைத் தூவி, அதன் மேலேயே கழிப்பறை ஆசிட்டையும் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். அது காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது, மேலே போகாமல் தரையோடு தங்கும். நின்றுகொண்டிருந்த அந்த அம்மாளுக்கு இருமலும் கண்ணெரிச்சலும் வந்ததோடு போயிற்று. ஒரு அடி உயரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பூனைக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இரண்டு நாள் பிராணவாயு வைத்துப் பார்த்தோம். போய்விட்டது.

மண் தட்டு விஷயமும் இதற்குப் பக்கத்து வீடுதான். பூனையின் சிறுநீரில் அம்மோனியா உண்டு. அதில் பிளீச் பட்டால் குளோரமைன் என்ற வாயு வரும், அதுவும் கண்ணையும் மூச்சையும் எரிக்கும். தட்டை முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்து அலசுங்கள். தினமும் செய்ய அதுவே போதும். வெந்நீர் விட்டு வெயிலில் காயவைத்தால் இன்னும் நல்லது. வெயிலுக்கு இந்த ஊரில் பஞ்சமா?

பிளீச்சே கூடாது என்றும் சொல்லமாட்டேன். பூனைப் பார்வோ என்று சொல்லப்படும் கழிச்சல் நோயில் ஒரு குட்டி இறந்திருந்தால், அந்தக் கிருமி வீட்டில் ஓராண்டுவரைகூட உயிரோடு காத்திருக்கும். வாசனைத் தரைத் திரவங்கள் அதைத் தொடக்கூட முடியாது. அப்போது வேண்டியது பிளீச்தான். கடையில் கிடைக்கும் பிளீச் திரவம் ஒரு கிண்ணத்துக்கு முப்பது கிண்ணம் தண்ணீர். அழுக்கைக் கழுவிய பிறகு, ஜன்னலைத் திறந்துவைத்து, வேறு எதையும் கலக்காமல், பத்து நிமிடம் ஊறவிட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். தரை காயும்வரை பூனை வேறு அறையில் இருக்கட்டும்.

பெசன்ட் நகரிலிருந்து ஒரு வாசகி:

என் மாமியார் ரசாயனமே தொடமாட்டார். துடைக்கும் தண்ணீரில் நீலகிரித் தைலமும் புல்தைலமும் விடுவார். இயற்கையானதுதானே, பூனைக்கு ஒன்றும் ஆகாது என்கிறார். நான் அவரிடம் எப்படிச் சொல்வது?

என் பெயரைச் சொல்லிச் சொல்லுங்கள், பழி என்மேல் விழட்டும். அரளியும் இயற்கைதான், எருக்கம்பாலும் இயற்கைதான். தைலம் என்பது ஒரு மூட்டை இலையைக் காய்ச்சி ஒரு சிமிழில் அடைத்தது. தைலங்களில் இருக்கும் பல பொருள்களை உடைக்கவும் மேலே சொன்ன அதே கல்லீரல்தான் பூனைக்கு இருக்கிறது. நீலகிரித் தைலம், தேயிலை மரத் தைலம், எலுமிச்சைத் தோல் எண்ணெய், புல்தைலம் எதையும் பூனை நடக்கும் தரையில் விட வேண்டாம். மின்சாரத்தில் செருகி வாசனை பரப்பும் குப்பிகளும் அப்படியே. மாமியாருக்கு வாசனைதான் வேண்டுமென்றால் பூ வாங்கிக் கொடுங்கள்.

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர்:

எறும்புக்குச் சாக்பீஸால் கோடு போடுகிறோம். பூனை அதன்மேல் படுக்கிறது.

கோட்டை அழித்துவிடுங்கள். அந்தச் சாக்பீஸில் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து. அதிகமாகப் பட்டால் பூனைக்குக் காது துடிக்கும், தோல் துடிக்கும், பிறகு உடம்பே நடுங்கி வலிப்பு வரும். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு எப்படி வரும்? இதைவிட மோசமானது, நாய்க்கு முதுகில் விடும் தெள்ளுப்பூச்சி மருந்தை "மீதி இருக்கிறதே" என்று பூனைக்கு விடுவது. பெர்மெத்ரின் உள்ள மருந்தானால் பல பூனைகள் அதில் செத்துப்போகும். தெரியாமல் விட்டிருந்தால் வெதுவெதுப்பான நீரிலும் பாத்திரச் சோப்பிலும் குளிப்பாட்டி, ஈரம் துவட்டி, உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகி:

இதைத் தொடாதே, அதைத் தொடாதே என்கிறீர்கள். உங்கள் வீட்டுத் தரையை எதைக் கொண்டு துடைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள் பார்க்கலாம்.

நல்ல கேள்வி, கொஞ்சம் கோபமும் தெரிகிறது. சொல்கிறேன்.

புரசைவாக்கத்தில் இரண்டாவது மாடி. பழைய வீடு, மொசைக் தரை. இரண்டு பூனைகள். ஒன்று கறுப்பி, பதினான்கு வயது. மற்றது காது கிழிந்த தெருக்கடுவன், பெயர் வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. தினப்படி துடைக்க ஒரு வாளி வெந்நீரில் பாத்திரச் சோப்புத் திரவம் அரைக் கரண்டி, பிறகு வெறும் தண்ணீரால் ஒரு முறை. சமையலறை மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துத் துடைத்துவிடுவேன். கண்ணாடிக்கு வினிகர் கலந்த தண்ணீர். மார்பிள் தரை உள்ளவர்கள் வினிகரைத் தொட வேண்டாம், பளபளப்பு போய்விடும். பித்தளைக்குப் புளி. வெள்ளிக்கிழமை ஒரு கைப்பிடி கல்லுப்பு போட்டுத் துடைக்கும் வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. உப்புத் தண்ணீர் வாளியை உடனே கவிழ்த்துவிடுவோம்.

கடுவன் ஒரு மூலையில் சிறுநீர் விட்ட நாளில் மட்டும் கடையில் விற்கும் நொதி (என்சைம்) திரவம் வாங்கிவந்து ஊற்றி ஊறவிடுவேன். அந்த இடத்தில் பினாயில் ஊற்றினால் நம் மூக்கைத்தான் ஏமாற்றலாம். பூனைக்குத் தன் அடையாளம் அங்கே இன்னும் மணக்கும், மறுபடியும் வந்து போட்டுவிட்டுப் போகும்.

கழிப்பறையை ஆசிட் திரவம் போட்டுத்தான் கழுவுகிறேன். அதை மறைக்க மாட்டேன். கழுவும்போது கதவைத் தாழிடுவேன், மூன்று முறை தண்ணீர் ஊற்றுவேன், கோப்பையின் மூடியை இறக்கிவைப்பேன். தொட்டிக்குள் போடும் நீலக் கட்டி என் வீட்டில் கிடையாது. கறுப்பிக்குக் கிண்ணத்துத் தண்ணீரைவிடக் கழிப்பறைத் தண்ணீர்தான் பிடிக்கும், பதினான்கு ஆண்டுகளாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பாட்டில்களெல்லாம் தாழ்ப்பாள் உள்ள மேல் அலமாரியில் இருக்கின்றன. தாழ்ப்பாள் இல்லாத கதவைக் கடுவன் முன்னங்காலால் திறந்துவிடும்.

இந்த ஏற்பாட்டில் திருப்தி இல்லாதவர் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்பவர், என்னைவிட மூத்தவர், நான் அக்கா என்றுதான் அழைப்பேன். "வாசனையே இல்லையே டாக்டரம்மா, துடைத்த மாதிரியே தெரியவில்லை" என்பார். கறுப்பி வந்த புதிதில் ஒரு நாள் தம் சொந்தக் காசில் வெள்ளைப் பினாயில் வாங்கிவந்து எனக்குத் தெரியாமல் வாளியில் விட்டார். வாசல்படி ஏறும்போதே கண்டுபிடித்துவிட்டேன். சண்டை போடவில்லை. கறுப்பியைத் தூக்கி அதன் பாதத்தை அவர் மூக்கருகே கொண்டுபோனேன். முகர்ந்து பார்த்தார். பிறகு அவரே உட்கார்ந்து நாலு காலையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டார், தரையையும் வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைத்தார். மீதிப் பாட்டிலைத் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். அங்கே பூனை இல்லை.

அன்றிலிருந்து காலை ஒன்பது மணிக்கு இரண்டு பூனைகளையும் என் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது அவர் வேலை. துடைத்து முடித்ததும் அழுக்குத் தண்ணீரை உடனே கொட்டி வாளியைக் குளியலறையில் கவிழ்த்துவைப்பார். மின்விசிறியை ஐந்தில் வைப்பார். ஐப்பசி கார்த்திகையில் ஈரக்காற்று அடித்தால் தரை காய முக்கால் மணி நேரம்கூட ஆகிறது. கடுவன் உள்ளேயிருந்து கதவைப் பிறாண்டும். நாங்கள் இருவரும் காலை மேலே தூக்கிவைத்துக்கொண்டு காபி குடிப்போம்.